ஐஸ் பெட்டிக்குள் பதினோரு இதயங்கள்

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மழை கொட்டித் தீர்த்தது. தஞ்சாவூர் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு தோள்துண்டு இருக்கையில் வந்து விழுந்தது. வானதி இருந்த அவசரத்தில் துண்டாவது, இடம் பிடிப்பதாவது... முண்டியடித்து ஏறியவள், அதன் மேலேயே ஐஸ் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அது நான் போட்ட துண்டு!"

நிமிர்ந்தாள். நனைந்த முடி, தோளில் பம்ப்செட் மோட்டாருக்கு வாங்கிய பெல்ட், கோபத்திலும் சிரிக்கிற கண்கள்... பார்க்காதே வானதி!

"துண்டு டிக்கெட் எடுத்துடுச்சாங்க?"

அவன் வெடுக்கென்று துண்டை உருவினான். பெட்டி உருண்டு மூடி பிளந்தது. ஐஸ் முழுக்க பஸ் தரையின் சேற்றில் சிதற, கண்ணாடிக் குப்பிகள் மட்டும் தப்பித்தன.

"ஐயோ... மீனாங்க?"

"ரத்தம்! பதினோரு பேருக்கு நெஞ்சுவலி வந்த முதல் மணி நேரத்துல எடுத்தது. மறுபடி எடுக்கவே முடியாது. லேப் போறதுக்குள்ள சூடாச்சுன்னா என் ஆறு மாச ஆராய்ச்சி அவ்ளோதான்!"

அவளுக்கு அழுகை முட்டியது. அவன் முகம் சுருங்கிப்போய் அருகில் உட்கார்ந்தான். மதிவாணன், நெல் விவசாயம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அந்த ரத்தத்துல என்னங்க பாப்பீங்க?"

பேசவே கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் இதை வீட்டில்கூட யாரும் கேட்டதில்லையே...

"ரத்தக்குழாய் அடைச்சா இதயத்துல செல்லுங்க சாகும். எல்லாமே அடைப்பால மட்டும் சாகறதில்ல. உள்ளேயே ஒரு புரதம் 'செத்துப்போ'ன்னு உத்தரவு போடும், இன்னொரு புரதம் போய் செல்லோட சுவரையே துளைச்சிடும். அந்த உத்தரவைத் தடுத்துட்டா மிச்ச இதயத்தைக் காப்பாத்தலாம்!"

"அப்ப வாய்க்கால் அடைச்சதால மட்டும் பயிர் காயல... பயிருக்குள்ளேர்ந்தே ஒண்ணு சாகச் சொல்லுது?"

"அதேதான்!" கோபத்தை மறந்து கத்திவிட்டாள்.

பாபநாசத்தில் பஸ் நின்றது.

"இருங்க, ஐஸ் வாங்கிட்டு வரேன்."

"உங்க உதவி ஒண்ணும் வேணாம்."

வீம்பாகச் சொல்லிவிட்டுக் குப்பியைத் தொட்டாள். குளிர்ச்சி குறைந்திருந்தது. அதற்குள் அவன் மழையில் குதித்து மீன் கடைப் பக்கம் ஓடிவிட்டான். கண்டக்டர் விசிலை எடுத்தார்.

"அண்ணே, நிறுத்துங்க! ஒருத்தர் வரணும்!"

கத்தியது தான்தானா? வானதிக்கே வெட்கமாக இருந்தது.

தொப்பலாக நனைந்து திரும்பியவன், ஐஸை நிரப்பி, உடைந்த மூடியைத் தன் துண்டால் இறுக்கிக் கட்டினான். தஞ்சாவூரில் லேப் வாசல் வரை பெட்டியை அவனே சுமந்தான். உள்ளே போனவள் ஐந்தே நிமிடத்தில் ஓடி வந்தாள்.

"நாலு டிகிரி! பதினொண்ணும் தப்பிச்சிடுச்சுங்க!"

"அப்பாடா... சரிங்க, நான் பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்கறேன்."

"பாபநாசமா? அங்க எதுக்கு?"

"என் வீடே அங்கதாங்க."

"அப்ப ஐஸ் வாங்கித் தந்துட்டு அங்கேயே நின்னிருக்கலாமே!"

"நின்னிருக்கலாம்..." அவன் முதல் முறையாக நேராகப் பார்த்தான். "உங்களை விட்டுட்டுப் போக மனசு வரல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

வானதிக்குப் படபடவென்று அடித்துக்கொண்டது. இதயத்தைப் பற்றி இத்தனை படித்தும் அதை அடக்கத் தெரியவில்லை.

"கடைசி பஸ்ல போனா போதும்..." என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு."