இனிக்கும் சிறியாநங்கை

காலை ஒன்பதரைக்கு ஸ்டேஷன் போன் அலறியது.

"என் அண்ணன் செத்துட்டார்ங்க. பாம்பு கடிச்சிடுச்சு. என்னையும் கடிச்சிடுச்சு... ஆனா நான் நல்லாதான் இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் அம்மா ரிசீவரை ஒரு தடவை முறைத்துப் பார்த்தார். சாவுச் செய்தியோடு தன் சௌக்கியத்தையும் சேர்த்துச் சொல்கிற ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

அவர் போய் இறங்கிய இடத்தில் முன்னால் கடை. நடுவில் அரைக்கும் மெஷின். பின்னால் வீடு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிறியாநங்கைப் பொடி அரைத்து விற்றார்கள். பாக்கெட்டில் படமெடுக்கும் பாம்பு. அதன் கீழே, 'நாற்பத்தெட்டு நாள் சாப்பிடுங்கள். பாம்பு கடித்தாலும் பயமில்லை.'

உள் அறைக் கட்டிலில் அண்ணன் பிணமாகக் கிடந்தார். கணுக்காலில் இரண்டு புள்ளிகள்.

உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தால், தம்பி வாசலில் கூட்டத்துக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டிலும் இரண்டு புள்ளிகள்.

"அண்ணன் பொடியை வித்தாரே ஒழிய, வாயில போட்டதில்லை. நான் தினமும் ரெண்டு வேளை. ஒரே பாம்பு, ஒரே விஷம். அவர் போயிட்டார்... நான் நிக்கிறேன்."

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஆறு பேர் பாக்கெட் வாங்கிவிட்டார்கள்.

அண்ணி மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தவள், செய்தி கேட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"போன மாசம் செங்கல் சூளைக்காரர் ஒருத்தரைப் பாம்பு கடிச்சுதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போகாம எங்க பொடியைக் கரைச்சுக் குடிச்சிட்டுப் படுத்துட்டார். எழுந்திருக்கவே இல்லை. அதுலேர்ந்து இவருக்குச் சோறு இறங்கலை."

"தம்பிகிட்ட ஏதாவது சொன்னாரா?"

"காய்ச்சலுக்குக் கஷாயம், வயித்துப் பூச்சிக்குச் சாறு... நம்ம அப்பா அதுக்குத்தான் கொடுத்தார், அதோட நிறுத்திக்கலாம்னு சொன்னார். அவன் கேக்கலை. இன்னைக்கு உங்க ஸ்டேஷனுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிடறதா இருந்தார்."

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் போனில் வந்தார்.

"பாம்பும் இல்லை, ஓணானும் இல்லை மேடம். கால்ல வீக்கமே இல்லை. மூக்குக்குள்ள பஞ்சு இழை ஒட்டியிருக்கு. தலையணையை வச்சு அமுக்கியிருக்காங்க. அந்தப் புள்ளி ரெண்டும் ஊசியால குத்தினது."

யார் குத்தியது? தம்பிதான் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவின் மனசு சொன்னது. மனசு சொன்னதைக் கோர்ட்டில் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

டிரைவரைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பினார். அப்புறம் தம்பியைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனார். மதில் ஓரம் முழுக்க முழங்கால் உயரத்துக்குச் சிறியாநங்கை.

"இதை நட்டா பாம்பு அண்டாதுன்னு சொல்வாங்களே?"

"அண்டாது மேடம்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"நடுவுல ஒரு செடி காஞ்சிடுச்சு மேடம். அந்த வழியா வந்திருக்கும்."

"விவரமான பாம்பு." ஒரு இலையைக் கிள்ளி நீட்டினார். "உடம்புல விஷம் இருந்தா இந்த இலை இனிக்குமாமே. மென்னு பாருங்க."

தம்பி மென்றான். கண் லேசாகக் கலங்கியது. சமாளித்துக்கொண்டான்.

"இனிக்குது மேடம். கற்கண்டு மாதிரி."

"அப்போ உள்ள விஷம் இருக்கு."

"இருக்கு மேடம். பொடிதான் அதை அடக்கி வச்சிருக்கு."

"பொடியை நம்பி உங்களை விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும். சார், வாங்க."

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஊசியோடு வந்தார். ஊசி சற்றுப் பெரிசு.

"விஷமுறிவு மருந்து" என்றார் அவர். "விஷம் இருந்தா உயிரைக் காப்பாத்தும்."

"இல்லைன்னா?"

"சில பேருக்கு மூச்சு நின்னுடும். உங்களுக்கென்ன, கற்கண்டு மாதிரி இனிக்குதாமே... கையை நீட்டுங்க."

தம்பி பின்னால் நகர்ந்தான். மதில் தடுத்தது. ஊசி நெருங்கியது.

"வேண்டாம் மேடம்... என்னைப் பாம்பு கடிக்கலை."

"அப்போ மணிக்கட்டுல இருக்கறது?"

"நானே... சாக்கு தைக்கிற ஊசியால..."

"அண்ணன் கால்ல?"

"அதே ஊசிதான் மேடம்."

"அந்த இலை எல்லாருக்கும் கசக்கும். பாம்பு கடிச்சவனுக்கும் கசக்கும். என் இருபது வருஷ சர்வீஸ்ல இனிக்குதுன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

அண்ணி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"கடைசியா என்னடா பேசினார் உன்கிட்ட?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"பொடியை நிறுத்திடறியான்னு கேட்டார் அண்ணி. சரின்னேன்... நம்பித் தூங்கிட்டார்."

அவள் அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விலங்கு மாட்டும்போது தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக் கோட்டைப் பார்த்தான்.

"டாக்டர், நிஜமாவே மூச்சு நின்னிருக்குமா?"

"எனக்கெப்படிய்யா தெரியும்?" வெள்ளைக் கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றினார். உள்ளே காக்கிச் சட்டை. "மேடம் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். ஊசிக்குள்ள இருந்தது குழாய்த் தண்ணி."

"டாக்டர் உங்க அண்ணன்கூட இருக்கார்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "இவர் எங்க ஜீப் டிரைவர். ஏறுங்க, ஊசி போடறதை விட ஜீப்பைக் கொஞ்சம் நல்லாவே ஓட்டுவார்."