இருபத்து நான்கு டிகிரி

செவ்வாயில் காலையில் வண்டி எடுக்கிறவர்கள் இரண்டு தொட்டிகளில் ஆக்சிஜன் நிரப்புவார்கள். ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று ஓட்டுகிறவருக்கு. இரண்டாவதை மறந்துவிட்டுக் கிளம்பியவர்களும் உண்டு. அவர்களுடைய வண்டிகள் மட்டும் தாமாகவே நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தன.

கார்வேந்தன் இரண்டையும் நிரப்பிக்கொண்டு நேராக மெக்கானிக் ரெஜினாவின் பட்டறைக்குப் போனான். அவன் பனிச்சுரங்கத்தில் பம்பு பார்க்கிறவன். அவன் மனைவி சிந்தாமணி பூமிக்கும் செவ்வாய்க்கும் போய்வரும் கப்பலில் டாக்டர். பதினான்கு மாதம் கழித்து, மறுநாள் பத்தரை மணிக்குத் துறைமுகத்தில் இறங்குகிறாள். இவனுக்கு ஷிப்ட் முடிவதோ ஏழே முக்காலுக்கு. துறைமுகம் மூன்று மணி நேர ஓட்டம். கணக்குப் போட்டால் கால் மணி இடித்தது.

போன தடவையும் இப்படித்தான் இருபது நிமிடம் தாமதம். மற்றவர்களை எல்லாம் வீட்டார் கட்டிப்பிடித்து அழைத்துப் போய்விட, அவள் மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. “பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல் அவனை இன்றுவரை குடைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை கதவு திறக்கும்போது அவள் கண்ணில் படுகிற முதல் முகம் தன்னுடையதாக இருக்க வேண்டும். அதற்கு என்ன செலவானாலும் சரி என்று முடிவு செய்திருந்தான்.

ரெஜினாவுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆனது. செவ்வாய் இன்ஜின் மீத்தேனையும் ஆக்சிஜனையும் எரிக்கும். வெறும் ஆக்சிஜனில் எரித்தால் இன்ஜினே உருகிவிடும் என்பதால், வெளியே கிடக்கும் கரியமில வாயுவை டர்போ உறிஞ்சி, அமுக்கி, உள்ளே கலந்துவிடும். அந்தக் கலவை மந்தமாக எரியும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறியைத் தட்டிவிட வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்பதில்தான் வேகம் இருக்கிறது. கம்பெனி வைத்த இயந்திர மூளை பதினெட்டு டிகிரிக்கு மேல் போகாது. ஓட்டத் தெரியாதவன் ஓட்டினாலும் கெடக்கூடாது என்ற நல்லெண்ணம்.

ரெஜினா அதைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பெனிக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத, வெளிக்கடையில் வாங்கிய மூளையை மாட்டினாள். வண்டியை, நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும்படி உருளைமேல் ஏற்றி, காதில் கேட்பானை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிகிரியாக முன்னால் தள்ளினாள். இருபது, இருபத்திரண்டு, இருபத்து நான்கு. இன்ஜின் சந்தோஷமாகப் பாடியது. இருபத்தாறில் உள்ளே யாரோ ஆணியால் தட்டுவதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. உடனே இரண்டு டிகிரி பின்வாங்கினாள்.

இருபத்தைந்திலாவது வைக்கக்கூடாதா என்று கார்வேந்தன் இழுத்தான். ரெஜினா கேட்பானைக் கழற்றினாள்.

“ஒரு டிகிரிக்கு ஆசப்பட்டு பிஸ்டன்ல ஓட்டையப் போட்டுக்காத கண்ணு. அப்பறம் அந்தப் புள்ள இறங்கி, உன்னயத் தேடி பாலைவனத்துக்குத்தான் வரோணும்.”

அவன் இருபத்து நான்குக்கே ஒப்புக்கொண்டு பணத்தை எடுத்தான்.

மறுநாள் வண்டி பறந்தது என்றே சொல்ல வேண்டும். கம்பெனி மூளையோடு முக்கி முனகி ஏறிய மேடுகளை எல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே ஏறியது. பத்து பத்துக்கு எதிரே துறைமுகக் கூடாரம் தெரிந்தது. இருபது நிமிடம் கையில் மிச்சம். கார்வேந்தன் வாய்விட்டுப் பாடினான். இன்ஜின் அளவுக்கு நன்றாக இல்லை.

கூடாரத்துக்குள் வண்டிகள் போக, உள்காற்று வெளியேறாமல் காக்கும் காற்றுப்பூட்டு வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே போக ஒரு வரிசை, வெளியே வர ஒரு வரிசை என்று தரையில் பளிச்சென்று கோடு போட்டிருந்தது. கோடு இருந்த இடமே தெரியாமல் ஐந்து வரிசையாக வண்டிகள் நின்றன. கப்பலில் வருகிறவர்களின் வீட்டார் அத்தனை பேரும் ரெஜினாவிடம் போய்வந்திருக்கிறார்கள்! முன்பெல்லாம் ஒருமணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து சேரும் வண்டிகள், இன்று ஒரே நேரத்தில் வந்து குவிந்துவிட்டன. கார்வேந்தனும் கிடைத்த சந்தில் மூக்கை நுழைத்தான். கதவு திறந்தபோது, உள்ளிருந்து வெளியே வர ஐந்து வரிசை எதிரே நின்றது. ரயில்வே கேட்டில் இரண்டு பக்கமும் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இவர்கள்.

செவ்வாய்க் காற்றில் ஹாரன் சரியாகக் கேட்காது. அதனால் அதை வானொலியில் விட்டிருந்தார்கள். எல்லார் ஹாரனும் எல்லார் காதுக்குள்ளும் அலறியது. நடுவே துறைமுக ரோபோ பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது: “மஞ்சள் வண்டி இரண்டு மீட்டர் பின்னால் போனால் அனைவருக்கும் வழி கிடைக்கும்.”

மஞ்சள் வண்டி கார்வேந்தனுடையது. அவன் அது காதில் விழாதவன்போல் இருந்தான்.

பத்தரை ஆனது. பத்தே முக்கால் ஆனது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினொன்றுக்கு யாரோ பக்கக் கதவைத் தட்டினார்கள். நடைவாசல் வழியாக, விண்ணுடையில், பெட்டியை இழுத்துக்கொண்டு சிந்தாமணி நடந்தே வந்திருந்தாள். உள்ளே ஏறி, தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, ஐம்பது கோடி கிலோமீட்டர் நான் வந்துட்டேன். கடைசி முந்நூறு மீட்டர் உங்களால வர முடியலீங்களா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ‘பரவால்லீங்க’ என்று சொல்லவில்லை! கார்வேந்தனுக்கு உயிர் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பொறி நேரம், டர்போ, இருபத்து நான்கு டிகிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். தன்னைப் பார்க்க இந்த மனிதன் இன்ஜினையே மாற்றியிருக்கிறான் என்பதில் அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ரோபோ மறுபடியும் மஞ்சள் வண்டியைக் கெஞ்சியது.

“நம்மளத்தானுங்க சொல்லுது. பின்னால எடுங்க, ஊட்டுக்குப் போலாம். நாந்தான் வந்துட்டனே, இனி உள்ள போயி என்ன பண்றது?”

கார்வேந்தன் யோசித்தான். அவள் சொன்னது சரிதான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். இரண்டு மீட்டர் இடம் காலியாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு நீல வண்டியும் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

“நான் பின்னால எடுத்தா, அவன் உள்ள நொழஞ்சிருவான் சிந்து” என்று சொல்லிக்கொண்டே, வண்டியை ஓர் அடி முன்னால் நகர்த்தி வைத்தான்.