ஒரு விரல் விடு

கட்டிங் மேஜையின் ஓரத்தில் அந்தத் துண்டு கிடந்தது. வேஸ்ட் துணியோடு மூட்டைக்குள் போயிருக்க வேண்டியது. கையில் எடுத்த பிறகுதான் அது வேஸ்ட் இல்லை என்று இசக்கிமுத்துவுக்குத் தெரிந்தது. ஒரு முனை உருண்டிருந்தது, நடுவில் கொஞ்சம் அகலம், அடி நேராக வெட்டுப்பட்டிருந்தது. ஒன்றல்ல, எண்பது. மேஜையில் விரித்திருந்த எண்பது அடுக்குத் துணியிலிருந்தும் பிசிறு தட்டாமல் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தது மெஷின்.

"முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கை, ஒரு கழுத்துப் பட்டை. டி-ஷர்ட்டுக்கு இவ்வளவுதானே? இது என்னம்மா நாகு?"

கம்ப்யூட்டரில் வெட்டுப் படம் போடும் நாகஜோதி திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "படத்துல அப்பிடி ஒண்ணுமே இல்லியேண்ணே. நீங்களே பாருங்க."

இல்லைதான். இசக்கிமுத்து துண்டுகளைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். யாரோ தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்று அப்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. வேலம்பாளையத்தில் அந்தக் கம்பெனிக்குத் தானியங்கி கட்டிங் மெஷின் வந்தது 2006 தைப்பொங்கல் முடிந்த வாரம். அதற்குமுன் இருபத்திரண்டு வருடமாக அங்கே துணி வெட்டியது இசக்கிமுத்துவின் கைதான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவருக்குப் படிப்பு கிடையாது, விரல் இருந்தது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பனியன் துணியை வைத்து ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவார். "ஒரு விரல் விடு" என்பார். "இதுக்கு அரை விரல் விட்டாப் போதும்" என்பார். அளவுக்கு மேல் அத்தனை அகலம் சேர்த்து வெட்டு என்று அர்த்தம். கட்டிங்கில் எல்லாருக்கும் அது புரியும். மெஷினுக்குப் புரியவில்லை.

"விரலுன்னா எத்தன சென்டிமீட்டருங்க மாஸ்டர்?" என்று கேட்டான் முதலாளி மகன் குகன். மரியாதையான பிள்ளை.

"அது துணிக்குத் துணி மாறும் தம்பி. கணக்கா எப்படிச் சொல்லுதது?"

"அப்பப் பரவால்லீங்க. உங்க கையவே உள்ள ஏத்திப் போடலாங்க."

அளவு ஏற்றும் பலகையின்மேல் அவர் வலது கையை விரித்து வைக்கச் சொன்னார்கள். நாகஜோதி ஒரு மவுஸை ஒவ்வொரு விரலையும் சுற்றி நகர்த்திப் புள்ளி வைத்தாள். கூசியது, சிரித்தார். அந்தக் கோப்புக்கு 'மாஸ்டர்' என்றே பெயர் வைத்தாள். அதன்பிறகு அவர் எத்தனை விரல் என்று சொல்ல, அவள் அந்தக் கோப்பைத் தொட்டு மெஷினுக்கு அதைக் கொடுப்பாள். அடுத்தடுத்த கம்பெனிகளில் மெஷின் வந்ததும் மாஸ்டர்களுக்குக் கும்பிடு போட்டு அனுப்பியிருந்தார்கள். தன்னை உள்ளே ஏற்றுகிறார்களே, அதனால் வேலை தங்கும் என்று அன்று சந்தோஷப்பட்டார் மனுஷன்.

துண்டு கிடைத்த இரவு மனைவி செல்லத்தாய் சுடுசோறு போட்டு, கொதிக்கிற குழம்பை ஊற்றினாள். பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். அவள் அலறினாள்.

"என்னங்க இது! கை வெந்து போச்சு!"

ஆள்காட்டி விரல் சிவந்து கொப்பளித்திருந்தது. மற்ற விரல்களில் சுரீரென்று எரிச்சல். அந்த விரலில் மட்டும் ஒன்றுமில்லை. மரத்துப்போனால் கூட ஒரு குறுகுறுப்பு இருக்கும்; இது அதுவும் இல்லாமல் சும்மா கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பைக்குள் இருந்த துண்டில் ஒன்றை எடுத்து விரல்மேல் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. எப்போதோ கத்தி பட்டு அவர் விரலின் இடது பக்கத்தில் விழுந்த சின்னப் பள்ளம் துணியிலும் இருந்தது. அன்று காலை நாகஜோதியிடம் "ஒரு விரல் விடு" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் 'விரல்' என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சமாளித்தார். "ரெண்டு சென்டிமீட்டர் போடும்மா" என்றார். எதற்கோ பயந்துதான் அப்படிச் சொன்னார், எதற்கென்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. துவைத்துப் பார்த்ததில் சட்டை குட்டையாகிவிட்டது. மூன்றாம் நாள் கவனம் பிசகிப் பழைய பழக்கத்தில் "ஒரு விரல் விடு" என்றார். சாயங்காலம் மேஜை ஓரத்தில் கொஞ்சம் நீளமான எண்பது துண்டுகள். நடுவிரல் போயிற்று. ஒருநாள் "ரெண்டு விரல்" என்று உளறிவிட்டார். இருபத்திரண்டு வருட நாக்கு, அடங்குமா?

சனிக்கிழமை பெருவிரல் மட்டும் மிச்சம். துணியைத் தொட்டால் துணி தெரியவில்லை. இந்தக் கை போனால் சோறு போயிற்று. ஐம்பது வயதில் வேறு எந்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? நாகஜோதியைச் சந்தேகப்பட்டார், குகனைச் சந்தேகப்பட்டார், மெஷின் பூட்ட வந்த வெளியூர்க்காரனைச் சந்தேகப்பட்டார். அந்தக் கோப்பை அழித்துவிடச் சொல்ல வேண்டும். காரணம் என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்காகத்தான் போனார். சரக்கு கப்பலேற வேண்டிய அவசரம் என்று கட்டிங் மட்டும் ஓடியது. தையல் மெஷின்கள் எல்லாம் உறை போர்த்திக் கிடக்க, வரிசை வரிசையாக டியூப் லைட் எரிய, புதுத் துணியின் சாய வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தது. வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"எத்தன விரல் விடணும்னு மெஷின் கேக்குது சார். அண்ணனுக்குப் போன் போடவா?"

"வேண்டாங்க. பாவம், அவருக்குக் கை சொகமில்லீங்க. மாஸ்டர விட்ருங்க."

"முழுசாவா சார்?"

"ஆமாங்க. முழுசாவே விட்ருங்க."

தொந்தரவு செய்ய வேண்டாம், ஓய்வெடுக்கட்டும் என்ற பொருளில், இரக்கப்பட்டுத்தான் சொன்னான் குகன். சொல்லிவிட்டு போன் அடிக்கவும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். மெஷினுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்ட நாகஜோதி திரையில் 'மாஸ்டர்' கோப்பைத் தொட்டு, 'முழு' என்று கேட்ட இடத்தில் சரி கொடுத்தாள்.

"வேண்டாம்மா!"

இசக்கிமுத்து ஓடினார். பம்ப் கிளம்பியிருந்தது. எண்பது அடுக்குத் துணியையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மேலே போர்த்திய மெல்லிய பிளாஸ்டிக் தாளோடு சேர்த்துக் காற்றை உறிஞ்சும் பம்ப். அந்த இரைச்சலில் அவள் காதில் எதுவும் விழவில்லை. அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு நம்பர் ஸ்டிக்கர்களைக் கிழித்து வரிசையாக மேஜை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தாள் துணியோடு ஒட்டி இறுகியது. அவர் நெஞ்சும் இறுகியது.

கத்தி இறங்கியது. டி-ஷர்ட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டு மேஜையின் நடுவுக்குப் போனது. கீழே இருந்து ஆரம்பித்தது. ஒரு பாதம்.

தரை தெரியவில்லை. நிற்கிறாரா, விழுந்தாரா?

கணுக்கால். முழங்கால். கத்தி நிதானமாக வளைந்து ஏறியது. அவர் கால் இரண்டும் துணியாகத் துவண்டன. மேஜை விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் ஒரு முழம் தள்ளி.

கையை எறிந்தார். கை போய்ப் பொத்தான்மேல் விழுந்தது. அழுந்தியதா? தெரியவில்லை. விரலில் ஒன்றும் தெரியவில்லை.

கத்தி நிற்கவில்லை.

இடுப்பு. தோள். காது வளைவில் கொஞ்சம் மெதுவாக. பம்ப் சத்தம் ஒரு பக்கம் அடங்கியது. பிறகு மறுபக்கம்.

"நாகு" என்றார். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

அவள் அடுத்த ஸ்டிக்கரைக் கிழித்தாள். எழுபத்தொன்பது. எண்பது.

மேஜையின் தலைமாட்டில், முகமாக வெட்டுப்பட்ட துணி அடுக்கின்மேல், பிளாஸ்டிக் தாள் ஒரு வாய் அகலத்துக்குக் குழிந்தது. எழும்பியது. மறுபடி குழிந்தது.