ஹோத்தின் கோட்டைக்கு இரண்டு பேர்

அக்காவின் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் என்பதால், இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்தால், படிகளின் உறுதியைச் சோதிக்க வந்த அதிகாரி என்று நினைக்கட்டும் என முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதம். தெர்னோப்பில் நகரமெங்கும் பனி உருகிக் கூரை விளிம்புகளில் சொட்டிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணி. ஜன்னல்களில் நல்ல வெயில். பேய் பிசாசுக்குக் கொஞ்சமும் பொருந்தாத நேரம்.

அக்காவின் கணவர் மிரோன் மாமா இறந்து அன்றைக்கு முப்பத்தாறாம் நாள்.

நான் தட்டுவதற்கு முன்பே ஸ்தெஃபா அக்கா கதவைத் திறந்தாள். போன வாரம் அவள் பாவாடையின் இடுப்பில் ஒரு ஊக்கு இருந்தது. இப்போது இரண்டு.

"வந்துட்டியா மல்யுத்த வீரா? மூச்ச விடு, செத்துத் தொலைக்காத. இந்த வீட்டுக்கு ஒண்ணு போதும்" என்றாள்.

அவள் கேலி பேசினால் எனக்கு உயிர் வரும். ஆனால் அன்று அந்தக் குரலில் ஆள் இல்லை. பழக்கம் மட்டும் பேசியது.

கூடத்தில் நிலைக்கண்ணாடியை வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். சமையலறை ஜன்னலில் ஒரு தம்ளர் தண்ணீர், அதன் வாயில் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. மாமாவின் பங்கு. நாற்பதாம் நாள்வரை ஆத்மா வீட்டில்தான் இருக்கும். அதற்குப் பிறகு புறப்பட்டுவிடும். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் நம்புவதில்லை. செய்யாமலும் விடுவதில்லை.

என் பையிலிருந்து இரண்டு ரயில் டிக்கெட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"பத்து நாப்பது வண்டி. செர்னிவ்ட்ஸி போயி மாமாவோட அண்ணன நேர்ல பாத்து நாப்பதாம் நாளுக்குச் சொல்றோம். படுத்த படுக்கையா இருக்கற மனுஷன், கடுதாசி போட்டா நல்லாருக்காது. ராத்திரி அங்கயே தங்கறோம். காலையில பஸ் புடிச்சா ஒன்றரை மணி நேரத்துல ஹோத்தின். கோட்டையப் பாத்துட்டு சாயங்கால வண்டியில திரும்பிடலாம்."

அக்கா டிக்கெட்டைத் தொடவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளைப் பார்த்தாள். மாமாவின் எழுத்து.

மாமா முப்பது வருடம் ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர். ஊரையே எங்கெங்கோ அனுப்பிவைத்தார். அவர் எங்கும் போகவில்லை. ஆற்றங்கரையில் நிற்கும் அந்தக் கோட்டையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பதினெட்டு வருடம் திட்டம் போட்டார். எந்த வண்டி, எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஆறு தெரியும், அவித்த முட்டையை எந்த நிலையத்துக்குப் பிறகு பிரிப்பது, எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. "அடுத்த கோடையில கண்டிப்பா" என்பார். ஆண்டுதோறும் தாள் மட்டும் புதிதாகும்.

"நாலே நாள் பாக்கி. இப்பப் போயி வீட்டத் தனியா விடக் கூடாதாம். யுஸ்தினா சொன்னா" என்றாள் அக்கா.

"பக்கத்து வீட்டு யுஸ்தினாவா? அவ பூனைக்கே ஜாதகம் பாக்கறவ."

அக்கா சிரிக்கவில்லை. மேஜைமேலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து எதிரிலிருந்த காலி நாற்காலியின் முன்னால் வைத்தாள். மீதிப் பாதியைத் தன் முன்னால் வைத்தாள். தின்னவில்லை.

"அவரு தனியா போக மாட்டாருடா" என்றாள் மெதுவாக. "கடைக்குப் போனாக்கூட என்னக் கூப்பிடுவாரு. நானும் தயாராத்தான் இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நான் டிக்கெட் வாங்கியிருந்தேன். மருத்துவர் உடம்பில் ஒன்றுமில்லை என்றுவிட்டார். ஒன்றுமில்லாத உடம்பு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. இந்த வீட்டைவிட்டு நாற்பதாம் நாளுக்குள் அவளை வெளியே இழுக்காவிட்டால், அப்புறம் இந்தக் கண்ணாடிக்கு மறுபடியும் துணி தேட வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"அவரு பாக்காத கோட்டைய அவருக்காக நீ பாத்துட்டு வந்து சொல்லு. போறவருக்கு வழியில யோசிக்க ஏதாவது வேணுமில்ல?"

என்ன நினைத்தாளோ, எழுந்து மேல்கோட்டை மாட்டினாள்.

பயணத்துக்கு முன் ஒரு நிமிடம் உட்காருவது வழக்கம். கூடத்தில் நான் காலணி மாட்டும் முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் நீண்ட பெஞ்சில். பேசாமல் இருந்தோம். வெளியே கூரை சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ கற்பூரத் தைல வாசனை வந்தது. மாமா முழங்காலுக்குத் தேய்ப்பது.

அக்கா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

யாருக்கோ இடம் விடுவதுபோல.

நான் சட்டென்று எழுந்து பையைத் தூக்கினேன்.

கீழ்வாசல்வரை இறங்கிவிட்டோம். அங்கே அவள் நின்றாள். "ஐயோ, தாளு! அவரு எழுதின தாள எடுக்கல. நான் போயி…"

"நீ நகராத. நான் போறேன்."

"திரும்பிப் போனா கண்ணாடியப் பாத்துட்டு வரணும்டா. இல்லன்னா வழி சரிப்படாது."

"தெரியும், தெரியும். மூஞ்சியப் பாத்து நானே பயந்துட்டு வரேன்."

மறுபடியும் நான்கு மாடி. பூட்டைத் திறந்தபோது வீடு நாங்கள் விட்டபடிதான் இருந்தது. ஆனால் குளிர். அடுப்பு அணைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் மூச்சு வெண்மையாக வந்தது.

தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கூடத்துக்கு வந்தேன். கண்ணாடி எதிரே நின்றேன்.

திரும்பி வந்தவன் கண்ணாடி பார்க்க வேண்டும்.

சாவு வீட்டில் கண்ணாடியைத் திறக்கக் கூடாது.

எந்த விதி பெரியது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டையும் நம்பாத பகுத்தறிவாளன் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவன் நான். பேசாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அக்காவின் வழி. அது சரிப்பட வேண்டும். ஒரு மூலையை, ஒரு சாண் அளவு, தூக்கினேன்.

என் முகம் தெரிந்தது. வியர்த்திருந்தது.

என் தோளுக்குப் பின்னால் பெஞ்ச் தெரிந்தது.

பெஞ்சில் மிரோன் மாமா உட்கார்ந்திருந்தார்.

மேல்கோட்டு, தொப்பி, மடியில் பை. கால்களில் மட்டும் சவப்பெட்டியில் நாங்கள் போட்டு அனுப்பிய மெல்லிய துணிச் செருப்பு. கண்கள் மூடியிருந்தன. பயணத்துக்கு முன் ஒரு நிமிடம் உட்காருபவரைப் போல், அவசரமில்லாமல்.

அவர் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவள் கண்களும் மூடியிருந்தன. அவள் கை அவர் கைக்குள் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பெஞ்ச் காலி. கீழே, நான்கு மாடிக்குக் கீழே, அக்கா யாரிடமோ இருமிக்கொண்டே வணக்கம் சொல்வது படிக்கட்டு வழியாகக் கேட்டது.

மறுபடி கண்ணாடி. இருவரும் இருந்தார்கள்.

ஓடியிருக்க வேண்டும். சத்தியமாக ஓடத்தான் நினைத்தேன். கால்கள் ஆசிரியர் சொல் கேட்காத மாணவர்களாகிவிட்டன. வாய் மட்டும் வேலை செய்தது. எனக்கு எப்போதும் அதுதான் வேலை செய்யும்.

"மாமா" என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது. "அவ கைய விடுங்க மாமா."

அசைவில்லை.

"அவ ரெண்டு வாய் சோறு தின்னு முப்பத்தாறு நாளாச்சு. உங்களுக்குத் தெரியாதா? அவ கிழவியாகி, கொழுத்து, என்னத் திட்டிட்டு இருக்கணும் மாமா."

மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் மெல்ல என் பக்கம் உருண்டன.

இடது கையை முன்னால் நீட்டினேன், படியிறங்கும்போது அவருக்குக் கொடுப்பதுபோல.

"முழங்கால் வலிக்கும். என் கையப் புடிச்சுக்கோங்க. நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வேணா."

கண்ணாடிக்குள் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக அக்காவின் கையிலிருந்து பிரிந்தன.

விரிப்பு என் பிடியிலிருந்து நழுவிக் கண்ணாடியை மூடியது.

இடது முழங்கைக்கு மேலே, நான்கு விரல் அகலத்துக்கு, பனிக்கட்டி வைத்ததுபோல் சில்லிட்டது.

கீழே வந்தபோது அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா, வெளுத்திருக்க?"

"படி."

"அதான் சொல்றேன், உடம்பக் குறை." பிறகு, ஏதோ வெட்கப்படுவதுபோல், "டேய், பையில முட்ட இருக்குல்ல? பசிக்குது" என்றாள்.

எந்த நிலையத்துக்குப் பிறகு என்று தாள் சொன்னதை மதிக்காமல், வண்டி ஏறும் முன்பே இரண்டு முட்டை தின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெயில் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கோட்டையைப் பார்த்தோம். பெரிய சுவர், கீழே ஆறு, ஏகக் காற்று. அக்கா அழுதாள், மூக்கைச் சிந்தினாள், "இதுக்குத்தானா பதினெட்டு வருஷம்?" என்றாள். நான் ஒரு படிகூடத் தடுமாறாமல், மிக மெதுவாக, இடது பக்கம் இடம் விட்டு நடந்தேன். நாற்பதாம் நாள் பாதிரியார் வந்தார், பிரார்த்தனை முடிந்தது, கண்ணாடியைத் திறந்தார்கள். அதில் அக்கா மட்டும் தெரிந்தாள். இன்று அவள் பாவாடைகளுக்கு ஊக்கு தேவையில்லை, துணிதான் போதவில்லை.

என் கை மட்டும் சூடாகவில்லை. பதினோரு வருடமாகிறது. ரத்த ஓட்டம் என்கிறார் மருத்துவர். விடுமுறை கிடைத்தால் ரயிலேறி ஏதாவது ஓர் ஊருக்குப் போகிறேன். நான் தேர்ந்தெடுப்பதில்லை, கால் ஏறும் வண்டி. முப்பது வருடம் பிறருக்கு டிக்கெட் கிழித்தவருக்கு எத்தனை ஊர் பாக்கியிருக்கும்! என் கோட்டுகளின் இடது கை எப்போதும் அதே இடத்தில் நைந்துபோகும். தையற்காரர் ஹவ்ரிலோ முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுப் போடுவார்.

போன செவ்வாய்க்கிழமை ஒட்டுப் போடக் கொடுத்த மேல்கோட்டை வாங்கப் போனேன். அவர் அதை விளக்கடியில் விரித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, இத்தன வருஷம் பாக்கறேன். யாரோ உங்க கையப் புடிச்சிட்டுப் பின்னாடி நடந்து வந்த தேய்மானம். வயசான யாரையோ கூட்டிட்டுப் போறீங்கன்னு நானா நெனச்சுக்குவேன்."

"சரி. அதுக்கென்ன?"

அவர் தோள் தையலைக் காட்டினார். பின்பக்கம், நூல் நூலாக, முழுவதும் பிரிந்திருந்தது.

"இது அப்படி இல்ல" என்றார். "அவரு முன்னாடி போயி உங்கள இழுத்தாத்தான் இப்படிப் பிரியும்."