மஞ்சள் நிறப் பாகம், எண்ணிக்கை இரண்டு

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் கட்டைவிரல் பரிசோதனை உண்டு. நினைத்தாலே கதவைத் திறந்து விளக்கைப் போடும் நினைவுச்சில்லைத் தலையில் பொருத்திக்கொண்ட பிறகு, கைகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. விரல்கள் சூம்பத் தொடங்கியதும் சுகாதாரத் துறை விழித்துக்கொண்டது. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பழம்பொருளின் மாதிரியைக் கையாலேயே செய்து காட்ட வேண்டும். தேறாதவர்கள் எந்த வண்டியையும் ஓட்ட முடியாது.

போபோஸ் நிலவுக்கு ராக்கெட் ஓட்டும் குமுதவல்லி ஐந்து மாதம் உட்கார்ந்து பூமியின் பழைய போர்விமானம் ஒன்றை ஒட்டியிருந்தாள். அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. விமானியின் இருக்கைப் பட்டைகூட இருந்தது.

பரிசோதகராக வந்த எந்திரன் அதை ஆவணக் காப்பகத்துப் புகைப்படத்தோடு ஒப்பிட்டது.

"இரண்டு பாகங்கள் இல்லை. சக்கரங்களின் கீழே, மஞ்சள் நிறம்."

குமுதவல்லி படத்தைப் பார்த்தாள். விமானத்தைப் படையில் சேர்த்த நாளில் எடுத்தது.

"ஐயோ, அது எலுமிச்சம்பழம்ங்க! திருஷ்டி கழிக்க வச்சது."

"திருஷ்டி எவ்வகைக் கதிர்வீச்சு?"

"கண்ணுலேருந்து வர்றது."

"யாருடைய கண்?"

"பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரங்களோடது."

எந்திரன் குறித்துக்கொண்டது. "ஆக, பாதுகாப்புக் கருவி."

"கருவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா மூடநம்பிக்கை."

"கார், லாரி, டிராக்டர் என்று நாலாயிரம் படங்களில் இப்பாகம் உள்ளது. படம் எடுத்த நேரத்தில் அவற்றில் ஒன்றுகூட விபத்தில் சிக்கியிருக்கவில்லை. பாகம் இல்லையேல் உரிமம் இல்லை."

குமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். தயிர் சாதத்திலிருந்து இரண்டு கடுகைப் பொறுக்கித் துடைத்து, மஞ்சள் சாயத்தில் முக்கிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். எந்திரன் அளந்து பார்த்தது. முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தேர்ச்சி.

மறுவாரம் அவள் ராக்கெட்டில் ஏறி அமர்ந்ததும், ஏவுதளத்திலிருந்து உதவியாளன் சவரிமுத்து கூப்பிட்டான்.

"அக்கா, பாதுகாப்புப் பட்டியல்ல புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க. எலுமிச்சை ரெண்டு, சக்கரத்துக்கு அடியிலயாம். நம்மளுதுல ஏதுக்கா சக்கரம்?"

குமுதவல்லி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடுகுக் கதையைச் சொன்னாள்.

"அப்ப தேவையில்லைன்னு போட்டுடலாம்க்கா. திரையில உங்க கட்டைவிரலை வச்சாப் போதும்."

பரிசோதனையில் தேறிய கட்டைவிரல் திரைக்கு அருகே போய் நின்றது. இருக்கைக்குக் கீழே முந்நூறு டன் எரிபொருள் இருந்தது.

"சவரி..."

"சொல்லுங்கக்கா."

"எதுக்கு வம்பு? ராக்கெட்டு காலுக்கு அடியில வச்சிரு."

"காலு நாலு இருக்கேக்கா. பழம் ரெண்டுதான் வந்திருக்கு."

அன்று ராக்கெட் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பதிவேட்டில் காரணம்: உதிரிபாகப் பற்றாக்குறை.