கோட்டைச் சாவிக்காரி

திங்கட்கிழமை காலையில் ரபீக் டீயைச் சாசரில் ஊற்றிக் குடித்தான்.

இதிலென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊரில் எத்தனையோ பேர் சாசரில் குடிக்கிறார்கள். ஆனால் மிஸ்ரியாவின் புருஷன் ஒருநாளும் அப்படிக் குடித்தவன் இல்லை. சவூதியில், தமாமில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் காகிதக் கப்பை வைத்துக்கொண்டு நின்றவாக்கிலேயே குடித்துப் பழகியவன். இந்த வீட்டில் சாசரில் குடித்தது அவனுடைய உம்மா ஹைருன் பீவி மட்டும்தான். டீயைச் சாய்த்து, மேலே படரும் ஆடையை விரல் நுனியால் ஓரத்துக்கு ஒதுக்கி, ஊதி, ஊதி, கடைசியில் ஒரே இழுப்பாக உறிஞ்சுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டாலே மிஸ்ரியாவுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வரும். மாமி மவுத்தாகி, மண்ணுக்குள் போய் வருஷம் ஓடிவிட்டது. ரபீக் ஆடையை விரல் நுனியால் ஒதுக்கினான். ஊதினான். உறிஞ்சினான்.

"என்ன மச்சான், புதுசா இருக்கு?" என்றாள்.

"எது?" என்றான். நிஜமாகவே தெரியாத முகம்.

வெளியே சாரல். குற்றாலத்து மலைப்பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டால் தென்காசியில் எந்த வீட்டுக்குள்ளும் எதுவும் காயாது. கொடியில் போட்ட துணி, சுவர், மெத்தை, மனுஷனுடைய தலைமயிர் வரைக்கும் ஒரு நமுத்த வாடை ஏறி உட்கார்ந்துகொள்ளும், பகலிலேயே ஹாலில் லைட் போட வேண்டியிருக்கும், எங்கேயாவது ஒரு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே கிடக்கும். அந்த ஹாலில் அட்டைப்பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் லாரி வரும். செங்கோட்டையில் வாடகை வீடு பார்த்தாயிற்று, மிஸ்ரியாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தாயிற்று. ரபீக்கும் இனி அரபு நாடு வேண்டாம் என்று வந்துவிட்டான். இந்தப் பாழாய்ப்போன வீட்டை விட்டுப் புருஷனோடு வெளியேறுவதுதான் அவளுக்கு இப்போது வேண்டியது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆனாலும் அந்தச் சத்தம் காதிலேயே நின்றது. அப்போதுதான் முந்தின நாள் ஆட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ்ரியா வீட்டில் கதை ஆட்டம் நடக்கும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போவது. தோழி சண்முகப்பிரியாவும் தங்கை ரிஃபாத்தும் ஆடுவார்கள். மிஸ்ரியாதான் நடத்துகிறவள். புதிதாக வருகிறவரிடம் உன் ஆளை நீயே உருவாக்கு என்றால் திருதிருவென்று முழிப்பார். அதனால் பெயர், பலம், பலவீனம், பேச்சு எல்லாம் எழுதி முடித்த ஆட்களைத் தாளில் தயாராக வைத்திருப்பாள். ரெடிமேட் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு விளையாட வேண்டியதுதான்.

அந்தத் தாள்களில் ஒன்றை அவள் எழுதியிருக்கவே கூடாது.

பழைய கோட்டை ஒன்றுக்குக் காவல்காரி தேவைப்பட்டாள். எழுத உட்கார்ந்தாள். எழுதியது அவளா, எட்டு வருஷமாக உள்ளே கொதித்த கோபமா என்று கேட்டால் கோபம்தான். கோட்டைச் சாவிக்காரி. இடது காலை இழுத்து நடப்பாள். சாவியை மடியிலிருந்து எடுக்க மாட்டாள். மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், 'இந்தா' என்பாள். பலம்: எந்தக் கதவையும் பூட்டுவாள். பலவீனம்: யாரும் தன்னை விட்டுப் போவதைப் பொறுக்க மாட்டாள். நல்ல குணம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். மாமியிடம் நல்லதே இல்லையா? இருந்திருக்கும். அதை எழுத மிஸ்ரியாவுக்கு என்ன தலையெழுத்து!

ஞாயிறன்று ரபீக் சும்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தான். ஐந்தருவிக் கடையில் வாங்கிய மங்குஸ்தானை உரித்துத் தின்றுகொண்டே, "நானும் ஆடட்டா?" என்றான். திருடி வேடத்தைப் பிரியாவும் வைத்தியச்சி வேடத்தை ரிஃபாத்தும் எடுத்திருந்தார்கள். கையில் கிடைத்த தாளை அவன் உருவிக்கொண்டான். மிஸ்ரியா தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. உன் உம்மா எப்படி இருந்தாள் என்று நீயே வாசித்துப் பார் என்று மனசுக்குள் ஒரு வன்மம்.

ஆரம்பத்தில் தடுமாறினான். "இப்ப நான் என்ன சொல்லணும்?" என்று சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. குரல் தணிந்தது. கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட திருடியாகப் பிரியா கெஞ்சினாள்: "கதவத் தொறங்க அம்மா, வீட்டுல எங்க அப்பா சாகக் கெடக்கார்."

ரபீக் நிமிர்ந்தான். "ஆம்பளைங்க வரட்டும். அதுக்குப் பெறவு தொறக்குதேன்."

மிஸ்ரியாவுக்குக் காது அடைத்துப்போனது. அவளுடைய வாப்பா ஒலி முகம்மதுவுக்கு வீரகேரளம்புதூரில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்றைக்கு, சாவியை மடியில் முடிந்துகொண்டு மாமி சொன்ன வார்த்தை அது. ஒரு சொல் மாறவில்லை. அது தாளில் இல்லை. அன்றைக்கு ரபீக் ஊரிலேயே இல்லை. போனில் அழுதவளிடம், "உம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தவன். அவள் போய்ச் சேர்ந்தபோது வாப்பாவை அடக்கியே முடித்திருந்தார்கள்.

பகடைகளைக் கையால் வழித்துத் தரையில் எறிந்தாள். "எந்திரிங்க எல்லாரும்! ஆட்டம் முடிஞ்சிட்டு!"

அவர்கள் மேஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகத் தாளைக் குப்புறக் கவிழ்த்து, தன் சொந்தப் பெயரையும் பெற்றவர் பெயரையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நடத்துகிறவள் கடைசியாகச் சொல்வாள். எடுத்த வேடத்தை இறக்கி வைக்காமல் வாசல்படி தாண்டக்கூடாது என்று மிஸ்ரியாவே வைத்த சட்டம்.

"பேரு சொல்லணும்லா, மிஸ்ரியா?" என்றாள் பிரியா.

"ஒரு பேரும் வேண்டாம். போங்கட்டி!"

போய்விட்டார்கள். ரபீக் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் அடுப்படியில் நின்றபோது பின்னால் நடையில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றுகிறது. ஒரு கால் சிமெண்ட்டுத் தரையில் தேய்ந்துகொண்டே வருகிறது. மறுபடி ஊன்றுகிறது. மறுபடி தேய்கிறது. குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி திரும்பாமல் நின்றாள். மாமி பூசுகிற கோடாலித் தைலத்தின் நெடி முதலில் வந்தது. பிறகு மூச்சு.

"இந்தா," என்றது குரல். "யாரக் கேட்டு இவ்வளவு எண்ணெய ஊத்துத?"

திரும்பினாள். ரபீக்தான். ரபீக்குடைய மீசை, ரபீக்குடைய சட்டை. கண் மட்டும் அவளை அளந்து பார்த்தது. பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது அவளுக்கு. செத்தும் விடமாட்டாயா, கிழவி? கரண்டியை ஓங்கியேவிட்டாள். அந்த நொடியில் அவன் முகம் உடைந்து கோணியது.

"மிஸ்ரியா," என்றான். அவன் குரல். அவனே. "எனக்கு என்னமோ பண்ணுது, மிஸ்ரியா. வாயத் தொறந்தா என் பேச்சு வர மாட்டேங்கு. என்னய விட்டுட்டுப் போயிராத."

கரண்டியைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குப் போனை வைத்த மச்சான் இல்லை இது. திரும்பி வந்தவன். அவளுக்காக வந்தவன். "நான் எங்க போவேன், மச்சான்? சேந்துதான போகப்போறோம்," என்றாள். அவள் தோளில் கிடந்த தலை மெதுவாக இறுகியது.

"எங்க போகப்போற?" என்றது தைல நெடி.

புதன்கிழமை விடிந்து பார்த்தால் அட்டைப்பெட்டிகள் பிரிந்து கிடந்தன. தட்டுகள் அலமாரிக்கு ஏறியிருந்தன, மாமி அடுக்குகிற விதத்தில், பெரிதுக்குள் சிறிது. மாமி போனதிலிருந்து அடைத்துக் கிடந்த அறை திறந்திருந்தது, கட்டிலில் ஆள் படுத்த குழி இருந்தது. வாசல்கதவு பூட்டியிருந்தது. லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.

"நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டாவளேம்மா. உங்க மாமியார் பேசுனாவ."

பிரியாவை அழைத்தாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"நான் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால நின்னு பேரச் சொல்லிட்டேன். ரிஃபாத்தையும் சொல்ல வச்சேன்," என்றாள் பிரியா. "அண்ணன் சொல்லலல்லா? திரும்ப உக்கார வையி. விட்ட எடத்துல இருந்து ஆட்டத்த எடு. முறையா முடி. நான் இப்பவே கிளம்பி வாரேன்."

மிஸ்ரியா மேஜையை இழுத்துப் போட்டாள். பகடைகளைப் பொறுக்கி வைத்தாள். மதியம்தான், ஆனால் சாரல் இருட்டு. கரண்ட் இல்லை. காலைத் தேய்த்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தது அது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மடியில் விரித்தது. இடுப்புச் சாரத்தின் மடிப்பில் சாவி குலுங்கியது.

"கோட்டையில ரெண்டு பேரு மாட்டியிருக்காங்க," என்று தொடங்கினாள். "கதவத் தொறக்கச் சொல்லுதாங்க."

"தொறக்க முடியாது."

"ஏன்?"

"போயிருவாளுவ."

"போனா என்ன? அவ வாப்பா செத்துட்டு இருக்காரு! மொகத்தப் பாக்கணும்னு காலப் புடிச்சு அழுதாளே, உங்க நெஞ்சுல ஈரம் இருக்கா?"

எதிரே உறிஞ்சுவது போல ஒரு மூச்சு.

"ஆட்டம் முடிஞ்சிட்டு. தாளக் கவுத்துங்க. பேரச் சொல்லுங்க."

"எதுக்குட்டி?"

அவ்வளவுதான். எட்டு வருஷமும் ஒன்றாகக் கிளம்பியது. மேஜையை அறைந்தாள். பகடை துள்ளி விழுந்தது. சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னாள். மய்யித்தைக்கூட விடவில்லை, மண்ணுக்குள் கிடக்கிறவளை இழுத்துப் போட்டுத் திட்டினாள். எதிரே இருந்த முகம் அசையாமல் கேட்டது. திட்டத் திட்ட அவள் குரல் மேலேறியது. தடித்தது. கரகரத்தது. இவ்வளவு சத்தம் தன் தொண்டைக்குள் எங்கே இருந்தது? தெரியவில்லை. நன்றாக இருந்தது. அப்படியொரு இதம்.

"சொல்லுலே!" என்று கத்தினாள். "யாரக் கேட்டு வாய மூடிட்டு இருக்க? பேரச் சொல்லுலே!"

ரபீக் வெடவெடவென்று நடுங்கினான். அடி வாங்கப்போகிற பிள்ளையின் முகம். கண் நிறைந்தது.

"ரபீக்," என்றான். "முகம்மது ரபீக். ஹைருன் பீவி மகன்."

தாளைக் கவிழ்த்தான். சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். கால் நேராக இருந்தது. மூச்சு அவனுடையது. தைல நெடி இல்லை.

அல்லாஹ்வே. வந்துவிட்டான்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. சாவியை எடுத்தாள். வாசலில் பிரியாவின் ஸ்கூட்டி நிற்கிற சத்தம். கதவைத் திறந்துவிட வேண்டும். அதற்கு முன் ஒன்றே ஒன்று பாக்கி. நடத்துகிறவள் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தாள்.

பெயர் வரவில்லை.

மறுபடி திறந்தாள். வாப்பாவின் மகள். எந்த வாப்பா? வெள்ளைத் தொப்பி. அத்தர் வாசம். அவர் பெயர் என்ன? நாக்கின் நுனியில்தான் இருந்தது. இருந்ததே. வாப்பா, உங்கள் பெயர் என்ன?

"மிஸ்ரியா!" வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கதவைத் தட்டினார்கள்.

ரபீக் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் பயம் வடிந்தது. வேறு ஒன்று வந்தது. பெரிய நிம்மதி.

"உம்மா," என்றான்.

இல்லை. நான் இல்லை, மச்சான். நான்.

அவன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான். அவள் மடியில் தலையைச் சாய்த்தான். கண்ணை மூடினான். கதவு அதிர்ந்தது. எழுந்திரு என்று அவள் கத்தினாள். உள்ளேயே கத்தினாள். வெளியே வரவில்லை.

அவளுடைய கை உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. அது புருஷனுடைய தலைமயிருக்குள் மெதுவாக நுழைந்து, கோதிவிடத் தொடங்கியது.