இறங்கும் விசில்

கடலில் விழுகிற எதுவும் ஆழம் போகப் போகக் குளிர வேண்டும். குளிரவில்லையென்றால் ‘கருவியில் கோளாறு’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ரகுராமின் உத்தியோகம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

வங்காள விரிகுடாவில் ஒரு மாவட்டத்தின் அகலத்துக்கு, கடிகார முள் போகிற திசையில், ஒரு வெதுவெதுப்பான சுழல் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அளக்க ஒரு விமானம் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து கருவிகளைப் போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு கருவியும் ஒரு மிதவையை மேலே விட்டுவிட்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை அவிழ்த்தபடி மூழ்கும். மூழ்கும் வழியில் பட்ட வெப்பத்தையெல்லாம் விசிலாக மேலே அனுப்பும். சூடென்றால் கீச்சுக்குரல், குளிர்ந்தால் கட்டைக்குரல். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும். விசிலும் நின்றுவிடும். இந்த விசில்களைக் கேட்டு வரைபடமாக்கும் கம்பெனி, கடலே இல்லாத பெங்களூரில் இருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பெங்களூரில் எல்லாக் கம்பெனியும்தான் இருக்கிறது.

அன்று வீட்டிலிருந்து வேலை. ஹெப்பகோடியில், தண்ணீர் லாரி நுழைந்தால் மனிதர்கள் வெளியேற முடியாத சந்தில், இரண்டாம் மாடி வீடு. மகள் மிதுலாவுக்குக் காய்ச்சல், நாலு வயது. மனைவி தீபிகாவுக்கு ஆபீசில் லீவு கொடுக்கவில்லை. வெளியே மழை ஓய்ந்து, ஈரத்துணியும் பக்கத்து ஃபேக்டரியின் ரப்பர் புகையும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்து, போகாமல் உட்கார்ந்துகொண்டது. ரகுராம் ஹெட்போனில் விசில் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பது விசில்கள் ஒழுங்காக இறங்கின.

நாற்பத்தோராவது ஏறியது.

சுழலின் நட்டநடுவில் விழுந்த கருவி அது. கொஞ்ச தூரம் இறங்கிய குரல், யோசித்ததுபோல் நின்று, மெல்ல மெல்லக் கீச்சிட்டு, முப்பத்தொன்பது டிகிரியில் போய் நின்றது. கோளாறு. எழுதப் போனான். உள்ளே மிதுலா கூப்பிட்டாள்.

“அப்பா, காது அடைக்குதுப்பா.”

“சளிடா தங்கம். தூங்கு.”

தலையணையில் இருக்க வேண்டிய தலை கட்டிலின் பக்கவாட்டில் தொங்கியது. குழந்தைகள் அப்படித்தான் தூங்கும். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தான். நூற்றியிரண்டு புள்ளி இரண்டு. தொழில் புத்தி, தானாகவே டிகிரி மாற்றிப் பார்த்தது.

முப்பத்தொன்பது.

சிரித்துக்கொண்டான். ஹாலுக்கு வந்தபோது திரையில் கோடு முப்பத்தொன்பதரைக்கு ஏறியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் பதிவு செய்த விசில். அது ஏற முடியாது. திரும்பிப் போய்த் தெர்மாமீட்டரை வைத்தான். நூற்றிமூன்று புள்ளி ஒன்று. இம்முறை சிரிக்கவில்லை.

போன் அடித்தது. மேனேஜர் கோவிந்தராஜன். பெங்களூர் வழக்கப்படி அவருக்கு எல்லோருமே ‘குரு’தான்.

“ஏன் குரு, நாப்பத்தொண்ணு என்ன கதை? கடலுக்கு ஜுரம்னு ரிப்போர்ட்ல எழுதட்டா? கூடவே ஒரு பாரசிட்டமால் போட்டுடலாமா?”

“சார், பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல, கொஞ்சம்...”

“பாப்பாவ பாரு, நான் வேணாங்கல. அந்தக் கோட்டையும் பாரு. சாயங்காலம் மேப் போகணும்.”

எல்லாம் பிரமை என்று தனக்கே நிரூபிக்கத்தான் ரகுராம் மவுஸைப் பிடித்தான். கோட்டைத் துளி கீழே இழுத்தான். உள்ளேயிருந்து குரல்.

“அப்பா, போர்வை வேணாம்.”

இன்னும் கொஞ்சம் இழுத்தான். முப்பத்தேழு. சேமித்தான். மூலப் பதிவை நகல் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது என்பது, அந்த வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் ஒரே விதி. அது அவன் நினைவுக்கே வரவில்லை.

ஓடிப் போய்ப் பார்த்தான். மிதுலாவின் நெற்றியில், மேலுதட்டில், கழுத்து மடிப்பில் பொடிப்பொடியாக வியர்வை. காய்ச்சல் விட்டிருந்தது. தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.

“பசிக்குது. பிஸ்கட் தா. கிரீம் மட்டும்.”

கிரீமை மட்டும் நக்கிவிட்டு நாலு பிஸ்கட்டை அப்பன் கையில் திணித்தாள். அவ்வளவு ருசியான பிஸ்கட்டை ரகுராம் வாழ்நாளில் தின்றதில்லை. அவள் தூங்கும்வரை பக்கத்தில் இருந்தான். இப்போது கால்கள் தலையணைமேல் இருந்தன. அவள் புரண்டதை அவன் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரைத் தொடாமல் இருந்தால் போதும். முப்பத்தேழு. அப்படியே இருக்கட்டும்.

போன்.

“குரு, என்ன வேலை பண்ணியிருக்க? முப்பத்தொம்பது தப்புன்னா முப்பத்தேழு ரைட்டா? கடல் என்ன உன் மச்சானா?”

“சார், அந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க. ப்ளீஸ் சார். கையெடுத்துக் கும்பிடறேன்.”

“எதுக்கு இவ்ளோ ஃபீலிங்? நானே சரி பண்ணிட்டேன். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டையும் சராசரி எடுத்துப் போட்டேன். என்னா அழகா எறங்குது தெரியுமா! மேப் போயாச்சு. நீ ரெஸ்ட் எடு.”

ரகுராம் கோப்பைத் திறந்தான். கோடு இறங்கியது. இருபத்தெட்டு. இருபது. பதினொன்று. எட்டு. மவுஸால் இழுத்தான். வரவில்லை. ‘ஒப்புதல் முடிந்தது. திருத்த அனுமதி இல்லை.’ மறுபடி இழுத்தான். மறுபடி அதே வரி. மூலம் வேண்டும். மூலம் இல்லை. அதன்மேல்தான் அவன் முப்பத்தேழை எழுதியிருந்தான்.

மேஜைமேல் கிடந்த ஹெட்போனில் விசில் ஆரம்பித்தது. யாரும் அதை ஓடவிடவில்லை.

மெல்ல இறங்கியது.

பெட்ரூமுக்கு ஓடினான். மிதுலாவின் நெற்றியில் வியர்வை. மேலுதட்டில். கழுத்து மடிப்பில். ஒரு நொடி நிம்மதி. துடைக்கக் கை வைத்தான்.

வியர்வை இல்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த பாட்டில் மேல் கோத்துக்கொள்ளுமே, அந்தத் தண்ணீர். துடைத்தான். மீண்டும் கோத்தது. கன்னத்தில். இமையில். நகங்களில்.

தெர்மாமீட்டர் எண் காட்டவில்லை. ‘லோ’ என்றது.

போர்வை போட்டான். நனைந்தது. இன்னொன்று. அதுவும். கீசர் தண்ணீரில் துண்டை முக்கிச் சுற்றினான். ஆவி பறந்தது. பிழிவதற்குள் ஜில்லிட்டது. இரண்டு உள்ளங்கைகளையும் அவள் மார்பில் அழுத்தினான். விரல்கள் மரத்தன. அடியில் இதயம் அடித்தது. அடுத்த அடிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

“அப்பா.”

உதடு நீலம். கண் திறந்திருந்தது. பயமே இல்லாத குரல். கட்டையான குரல்.

“இருட்டா இருக்குப்பா. இன்னும் எவ்ளோ கீழ?”

“மிது, அப்பாவைப் பாரு. கையைப் பிடிச்சுக்கோ. கெட்டியா.”

“கம்பிய பிடிச்சிருக்கேன்.”

போன் மினுங்கியது. தீபிகா. ‘ஃபீவர் இறங்கிச்சா?’ அதற்குக் கீழே கோவிந்தராஜன். ஒரு கட்டை விரல்.

அவன் அவளைத் தூக்க முயன்றான். முடியவில்லை. பதினைந்து கிலோ. நேற்றுத் தோளில் உட்காரவைத்து மாடி ஏறினான். இப்போது மெத்தை அவளுக்குக் கீழே குழிந்துகொண்டே போனது.

அப்போதுதான் பார்த்தான். அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை, கால் அசையவில்லை, பார்வை கூரையை விட்டு விலகவில்லை. மல்லாந்த உடம்பு மட்டும், கடிகார முள் போகிற திசையில், நிதானமாக. அடியில் படுக்கை விரிப்பு வளையம் வளையமாக முறுக்கிக்கொண்டது.

ஹாலில் விசில் இன்னும் இறங்கியது. கட்டைக்குரல். அதைவிடக் கட்டை. ரகுராம் கட்டிலோரம் மண்டியிட்டு, தன்னைக் கடந்து போகும் அந்தச் சின்னக் கையை ஒவ்வொரு சுற்றிலும் பிடித்தான். ஈரத்தில் வழுக்கியது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தான்.

கம்பி இன்னும் தீரவில்லை.